இன்மை எவ்வாறு அறியப்படுகிறது?

ஒரு பொருள் இருப்பதை அறியக் கண் போதும். அது இல்லை என்பதை எந்த வாயிலால் அறிவது என்னும் வினா இந்திய மெய்யியலாரை நெடுங்காலம் பிரித்து வைத்திருந்தது. தரையில் குடம் இல்லை என்னும் அறிவை நியாய நூலார் காட்சியிலேயே அடக்கினர். குமாரிலரைப் பின்பற்றிய மீமாம்சகரோ, இல்லாத பொருள் புலனோடு சேர இயலாது ஆதலால், இன்மையை அறிவதற்கென்றே தனியோர் அளவை, அதாவது மெய்யறிவைத் தரும் தனியொரு கருவி, வேண்டும் என்றனர். பௌத்தரில் தருமகீர்த்தி காணப்படாமையை அனுமானத்துக்கு அடிப்படையாகும் அடையாளங்களுள், அதாவது ஏதுக்களுள், ஒன்றாக வைத்தார். வஞ்சி மாநகரில் சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைப்பதாக அமைந்த மணிமேகலைக் காதை, வியாசர் பத்தும் கிருதகோடி எட்டும் சைமினி ஆறும் என அளவைகளை எண்ணியதைச் சொல்கிறது. 13ஆம் நூற்றாண்டில் சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், பத்தையும் காண்டல், கருதல் (அனுமானம்), உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். கருதலுக்குரிய ஏதுக்களை அவர் இயல்பு, காரியம், அநுபலத்தி (காணப்படாமை) என வகுத்து, புகை நெருப்பைக் காட்டுவது காரியம் என்றும், குளிர் இல்லாமை பனி இல்லாமையைக் காட்டுவது அநுபலத்தி என்றும் விளக்கினார்.

இவ்விவாதம் ஏட்டோடு நின்றுவிடவில்லை என்பதற்குச் சிறு விமானத்தின் மின்னேற்ற அமைப்பு தெளிவான சான்று. திருப்பூரை அடுத்த வேலம்பாளையத்தின் நிட்டிங் கூடங்களில் நூல் அறுந்தால் எந்திரத்தின் விளக்கு எரிகிறது, எந்திரமும் உடனே நின்றுவிடுகிறது. அங்கே பழுது தன்னைத் தானே அறிவித்துக்கொள்கிறது. விமானத்தில் நிலைமை நேர்மாறானது. பெரும்பாலான சிறு விமான எஞ்சின்களில் எரிபொருளைப் பற்றவைக்கும் தீப்பொறியை மேக்னெட்டோ என்னும் கருவி தருகிறது. எஞ்சினோடு சுழன்று தன் மின்சாரத்தைத் தானே ஆக்கிக்கொள்ளும் அக்கருவிக்குப் பேட்டரியின் துணை வேண்டுவதில்லை. எனவே, எஞ்சின் சுழற்சியால் மின்சாரம் ஆக்கிப் பேட்டரிக்கும் விளக்கு, வானொலி முதலியவற்றுக்கும் தரும் ஆல்டர்னேட்டர் நின்றுபோனாலும், எஞ்சினின் ஓசையில் மாற்றம் இராது, விளக்குகள் அணையா, வானொலியும் பேசிக்கொண்டிருக்கும். இவை யாவும் பேட்டரியின் சேமிப்பைத் தின்று வாழ்கின்றன என்பது மட்டும் கண்ணுக்குத் தெரியாது. அச்சேமிப்பு ஏறத்தாழ அரைமணி நேரம் தாங்கும் என்பதே பொதுவான கணக்கு. பேட்டரி பழையதாயின் அதுவும் குறையும்.

இங்கே மின்னோட்டத்தை அளக்கும் அம்மீட்டரின் முள் சுழியத்தில் நிற்பதாகக் கொள்வோம். சில விமானங்களில் அம்மீட்டர் பேட்டரிக்கும் மின்சுற்றின் பொதுக் கம்பிக்கும் இடையில் பொருத்தப்பட்டு, சுழியம் நடுவிலும் ஏற்றமும் இறக்கமும் இருபுறமுமாக அமைந்திருக்கும். அதில் ஆல்டர்னேட்டர் இயங்கும்போது முள் சுழியத்தில் நிற்பது, பேட்டரி நிரம்பிவிட்டது, கொள்வதும் கொடுப்பதும் இல்லை என்னும் நலமான நிலையைக் குறிக்கும். வேறு சில விமானங்களில் அது ஆல்டர்னேட்டரின் வெளியீட்டுக் கம்பியில் பொருத்தப்பட்டு, லோட் மீட்டர் எனப் பெயர் பெறும். அதில் சுழியம் காட்டினால் ஆல்டர்னேட்டர் ஒன்றும் தரவில்லை என்பது பொருள். கண் கண்டது இரண்டிடத்தும் ஒன்றே. அறியப்பட்டதோ ஒன்றுக்கொன்று முரணானது. காட்சியே இன்மையை உணர்த்தும் என்ற நியாய நூலாரின் கூற்று இந்த முள்ளின் முன் நிலைபெறாது. அம்மீட்டர் சுற்றில் எங்கே நிற்கிறது என்பதையும் ஆல்டர்னேட்டர் நலமாயிருந்தால் அவ்விடத்தில் எது ஓடியிருக்க வேண்டும் என்பதையும் முன்னரே அறிந்தவனுக்கு மட்டுமே சுழியம் எதையேனும் சொல்கிறது. இருந்திருந்தால் தோன்றியிருக்கும் என்னும் தகுதியை மீமாம்சகரும் வேண்டினர் என்பது உண்மை. ஆயினும் அத்தகுதியை அறிவது கருதலின் வேலையே அன்றோ?

பழுது நீக்குவோர் அம்முள்ளை நம்பி அமர்ந்துவிடாமல் சுமையை ஏற்றிப் பார்ப்பதன் காரணமும் இதுவே. தரையிறங்கும் விளக்கை எரியவிட்டால் லோட் மீட்டரில் முள் உயர வேண்டும். நடுச்சுழிய அம்மீட்டரில் ஒரு கணம் இறக்கத்தின் பக்கம் சாய்ந்து மீள வேண்டும். ஆல்டர்னேட்டரின் சுவிட்சை அணைத்தால் அந்த உயர்வு மறைய வேண்டும். ஏது இருக்குமிடத்தில் சாத்தியம் (ஏதுவால் நிறுவப்படும் பொருள்) இருத்தல், சாத்தியம் இல்லாவிடத்தில் ஏது இல்லாமை என அளவை நூலார் அன்னுவயம், வெதிரேகம் என்ற பெயர்களால் ஆய்ந்த இருவகைத் தொடர்பும் இச்சிறு சோதனையில் அடங்கியிருக்கிறது. 12 வோல்ட் அமைப்பில் ஓய்ந்திருக்கும் நிரம்பிய பேட்டரி சுமார் 12.6 வோல்ட்டும், ஆல்டர்னேட்டர் இயங்கும்போது சுற்று சுமார் 14 வோல்ட்டும் காட்டும் என்பதால், வோல்ட்மீட்டர் இன்னொரு சாட்சியாகிறது.

இவ்வாறு சோதிக்காத அறிவில் புகும் குற்றங்கள் இரண்டு. ஐயம் ஒரு பொருளை இதுவோ அதுவோ என இரண்டாகக் கொள்வது, திரிபு ஒன்றை மற்றொன்றாகத் துணிவது. இவ்விரண்டும் நீங்கியதையே சித்தியார் குற்றமற்ற காட்சியாகக் கொள்ளும். இவற்றுள் திரிபே கொடியது என்பதற்கு 1983 அக்டோபர் 11 அன்று அமெரிக்காவில் நிகழ்ந்த விபத்து போதும். ஸ்பிரிங்ஃபீல்டிலிருந்து கார்பன்டேலுக்கு இரவில் புறப்பட்ட ஏர் இல்லினாய் நிறுவனத்தின் ஹாக்கர் சிட்லி 748 விமானத்தில், கிளம்பிய சிறிது நேரத்தில் இடப்பக்க ஜெனரேட்டர் பழுதானது. துணை விமானி நலமாயிருந்த வலப்பக்க ஜெனரேட்டரையே பெரும்பாலும் தவறுதலாகச் சுற்றிலிருந்து பிரித்திருப்பார் என விசாரணை கருதியது. அதனை மீண்டும் இணைக்க முடியாத நிலையில், அருகிலிருந்த ஸ்பிரிங்ஃபீல்டுக்குத் திரும்பாமல் பேட்டரியை நம்பிப் பயணத்தைத் தொடர்ந்த தலைமை விமானியின் முடிவே விபத்துக்குக் காரணம் எனக் கூறப்பட்டது. பேட்டரி தீர்ந்து, கருவிகள் அணைந்து, விமானத்தில் இருந்த 10 பேரும் இறந்தனர். இவ்வகை விமானம் கான்பூரில் கட்டப்பட்டு, ஆவ்ரோ என்னும் பெயரில் இந்திய வானில் நெடுங்காலம் பறந்தது ஆதலால், இது தொலைவில் நிகழ்ந்த பிறர் துயரம் என்று ஒதுக்கத்தக்கது அன்று.

கருவிகளும் திரிபுக்கு ஆளாகும். ஆல்டர்னேட்டரின் உட்சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் மின்னழுத்தத்தை நிலைநிறுத்துவது ரெகுலேட்டர். அது அழுத்தத்தை அறியும் கம்பியின் வழியில், தேய்ந்த சுவிட்சோ களிம்பேறிய இணைப்போ இருந்தால், உண்மையில் உள்ளதைவிடக் குறைந்த அழுத்தமே அதனை எட்டும். அது கடமை தவறாமல் மேலும் மின்சாரம் கேட்கும். முள் ஊசலாடும், சில வேளை மிகையழுத்தக் காப்பு முழு அமைப்பையும் துண்டித்துவிடும். இங்கே ரெகுலேட்டரிடம் குற்றம் இல்லை, அதற்குக் கிடைத்த சொல்லே பொய். இதனை அறியாதவர் ரெகுலேட்டரை மாற்றுவர், பின்னர் ஆல்டர்னேட்டரையும் மாற்றுவர். மாற்றும்போது கைபட்ட இணைப்பு அசைந்து தற்காலிகமாகப் பொருந்த, முள் அமைதியாகும். கழற்றிய பாகமே காரணம் என்ற பொய்யான தொடர்பு மனத்தில் உறுதியாகிவிடும். தளர்ந்த பெல்ட், தேய்ந்த பிரஷ், அறுந்த கம்பி ஆகியவை கண்ணால் காணத்தக்கவை. ஆல்டர்னேட்டரின் மின்னோட்டத்தை ஒருதிசைப்படுத்தும் டயோடுகளுள் ஒன்று மட்டும் பழுதாகி, குறைந்த சுமையில் நலமெனக் காட்டி மிகுந்த சுமையில் கைவிடும் நிலையோ, சுமையேற்றி அளந்தவருக்கு மட்டுமே புலப்படும்.

மூன்றாவதாகிய உரை அளவை, பொய்யாமையும் பொருளை உள்ளவாறு அறிந்திருத்தலும் உடையவரின் சொல்லையே சான்றாகக் கொள்கிறது. விமானத்தில் ஏறுபவர் ஆல்டர்னேட்டரைக் காண்பதில்லை, கருதியறியவும் வல்லவரல்லர். உரிமம் பெற்ற பொறியாளர் பராமரிப்புப் பதிவேட்டில் இடும் கையொப்பம் ஒன்றே அவருக்கு அளவை. ஆதலால், காரணம் காணாமல் பாகத்தை மாற்றிவிட்டுச் சரிசெய்யப்பட்டது என்று எழுதுவதைத் தொழிற்குறைபாடு என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது. தன் ஐயத்தைப் பிறருக்குத் துணிவாகக் கொடுப்பது பொய்ச்சாட்சியே. எழுதியவர் தம் ஊகம் சரியென்று மனமார நம்பியிருந்தாலும் அதன் தன்மை மாறாது, ஏனெனில் படிப்பவர் அவரது நம்பிக்கையைக் கேட்கவில்லை, அவர் அறிந்ததைக் கேட்கிறார். பணிமனைகளில் ஐயத்தை எழுதுவது திறமையின்மையாகக் கருதப்படுவது வருந்தத்தக்கது. அடுத்து அவ்விமானத்தைத் தொடுபவருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை.

இன்மையைக் கருதலுக்குரிய ஏதுக்களுள் ஒன்றாக வைத்த அருணந்தியாரின் வகுப்பே இவ்விடயத்தில் பொருந்துவது. அதை ஏற்போர் பதிவேட்டில் முள் சுழியம் காட்டியது என்று மட்டும் எழுதி நிறுத்தலாகாது. எவ்வகை அம்மீட்டர், எவ்வளவு சுமை, எஞ்சின் எந்தச் சுழற்சி, அப்போது எத்தனை வோல்ட் என்பவற்றையும் சேர்த்து எழுதுக. காரணம் காணப்படவில்லையெனில், காணப்படவில்லை என்றே எழுதிக் கையொப்பமிடுக.