புரவலரும் புதிய நாடகாசிரியரும்: கலைக்கொடை பற்றிய ஓர் அறவினா

கொடுத்தவனுக்குப் பெற்றவன் எதைக் கடன்படுகின்றான் என்பது அறவியலின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்று. உரோம அறிஞர் செனெக்கா நன்மை செய்தலையும் நன்றி பாராட்டலையும் பற்றித் தனியொரு நூலே எழுதினார். பிரெஞ்சு மானிடவியலாளர் மார்செல் மோஸ் 1925 இல் வெளியிட்ட ஆய்வில், கொடுத்தல், ஏற்றல், திருப்பிக் கொடுத்தல் என்னும் மூன்றும் பல சமுதாயங்களில் ஒன்றையொன்று பற்றி நிற்கும் கடமைகளாக விளங்கியமையை எடுத்துக் காட்டினார். ஆயின், செனெக்காவும் மோஸும் கருதிய கொடை பெரிதும் ஒருவர் முகத்தை மற்றவர் காணும் கொடையாகும். கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் நடுவே ஒரு பல்கலைக்கழகம் வந்து நிற்கும்போது அக்கடன் யாருக்கு உரியதாகின்றது? இவ்வினாவை வெறுங் கருத்துநிலையில் வைத்து ஆராய்வதிலும், பொருளின்றி ஒருநாளும் நடவாத ஒரு கல்வியை முன்வைத்து ஆராய்தல் பயன் தரும். அமெரிக்க இசைநாடகக் கல்வி அத்தகைய ஒன்று.

இங்கு இசைநாடகம் எனப்படுவது, உரையாடலும் பாடலும் ஆடலும் ஒரே கதையின் உறுப்புகளாக இயையும் பிரோட்வே வகை நாடகம். நியூ யோர்க் பல்கலைக்கழகத்தில், இன்று டிஷ் கலைக்கல்லூரி என வழங்கும் நிறுவனத்தில், இவ்வகை நாடகத்தை எழுதுவதற்கென்றே 1981 இல் ஒரு பட்டப்பின் கற்கைநெறி தொடங்கப்பட்டது. பாடலாசிரியர், உரையாடல் எழுதுவோர், இசையமைப்பாளர் ஆகியோர் அதிற் பயில்கின்றனர். கற்கைக்காலம் இரண்டு ஆண்டுகள். முதலாண்டில் மாணவர் துணைவரை மாற்றி மாற்றிச் சேர்ந்து பாடல்களையும் சிறு நாடகங்களையும் ஆக்குவர். இரண்டாம் ஆண்டில் ஒரு குழுவாக நிலைத்து ஒரு முழுநீள நாடகத்தை எழுதி முடிப்பர். எழுதிய பாடல் வகுப்பில் பியானோவுடன் பாடப்படும். ஆசிரியரும் சக மாணவரும் கேட்டுக் குறைகூறுவர். மாணவர் அதனைத் திருத்தியோ கிழித்தெறிந்தோ மறுவாரம் வேறொன்றுடன் வருவர்.

இம்முறையிலேயே செலவின் காரணமும் அடங்கியுள்ளது. பொருளியல் விரிவுரையை முந்நூறு பேர் ஒரே மண்டபத்திலிருந்து கேட்கலாம். ஒரு பாடலின் இரண்டாம் அடியில் அழுத்தம் பிறழ்ந்து விழுவதை முந்நூறு பேருக்கு ஒருங்கே திருத்திக் கொடுத்தல் இயலாது. அமெரிக்கப் பொருளியலறிஞர்களான வில்லியம் போமோலும் வில்லியம் போவனும் 1966 இல் வெளியிட்ட ஆற்றுகைக் கலைகள் பற்றிய நூலில் இதன் அடிப்படை விளக்கப்பட்டது. தொழிற்சாலையில் ஒரு மணிநேர உழைப்பின் விளைவு ஆண்டுதோறும் பெருகுகின்றது. நால்வர் வாசிக்கும் நரம்பிசைக் கோவையொன்றை இன்றும் நால்வரே, அதே நேரம் எடுத்தே வாசித்தல் வேண்டும். ஏனைய துறைகளிற் கூலி உயர, கலைஞரின் கூலியும் உயர்ந்தே ஆகவேண்டும். ஆயின், அவ்வுயர்வை ஈடுசெய்யும் உற்பத்திப் பெருக்கம் கலையில் இல்லை. ஆகவே கலையின் செலவுக்கும் அதன் வருவாய்க்கும் இடையிலான வெளி நிருவாகத் திறமையின்மையால் விளைந்ததன்று. அது கலையின் இயல்பிலிருந்தே பிறப்பது. ஆற்றுகைக்கு உரைக்கப்பட்ட இக்கூற்று ஆற்றுகையைப் பயிற்றும் கல்விக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

இவ்வெளியை நிரப்புவனவே நன்கொடைகள். நிலைநிதி எனப்படும் முறையில், கொடுக்கப்பட்ட முதல் தொடப்படாமல் முதலீடு செய்யப்பட்டு, ஆண்டுதோறும் நூற்றுக்கு 4 அல்லது 5 அளவான பகுதியே செலவிடப்படும். பத்து இலட்சம் டொலர் கொடை என்பது செவிக்குப் பெரிதாக ஒலிப்பினும், அதிலிருந்து ஆண்டொன்றுக்குக் கிடைப்பது நாற்பதாயிரம் அல்லது ஐம்பதாயிரம் டொலர். நியூ யோர்க் போன்ற நகரில் ஒரு மாணவரின் ஓராண்டுக் கட்டணத்துக்கும் வாழ்க்கைச் செலவுக்கும் அது போதாது. மறுபுறம், ஆண்டுதோறும் பலரிடமிருந்து திரட்டப்படும் சிறு கொடைகள் உடனே பயன்படுமாயினும், கொடுப்போர் மனம் மாறிய ஆண்டில் அவை நின்றுவிடும். யேல் பல்கலைக்கழக நாடகக் கல்லூரிக்கு 2021 இல் டேவிட் கெபன் வழங்கிய 15 கோடி டொலர் கொடையால் அங்கு பயிலும் மாணவர் அனைவருக்கும் கல்விக் கட்டணம் நீங்கியது. கல்லூரியும் அவர் பெயரைச் சூடிக்கொண்டது. ஒரு கல்லூரியின் கட்டணத்தை நீக்குவதற்கு எவ்வளவு பொருள் தேவை என்பதனை இத்தொகையே காட்டும்.

இனி, இக்கொடையை அறமெனக் கொள்ளலாமா என்னும் வினா எழுகின்றது. இல்லாதார்க்கு ஈவதே ஈகை, ஏனையவெல்லாம் பயன் எதிர்நோக்கிய கைம்மாற்று என்பது வள்ளுவர் கொள்கை. அவ்வளவைக்கு நேரே நிறுத்தின், முதற்பட்டம் பெற்று உலகின் செல்வ நகரொன்றில் பாட்டெழுதப் பயிலும் இளைஞருக்குக் கொடுப்பது ஈகையின்பாற் படாது. தற்கால மெய்யியலாளர் பீற்றர் சிங்கர் இவ்வாதத்தை மேலும் கூர்மைப்படுத்தியவர். குளத்தில் மூழ்கும் குழந்தையைக் கண்டவன் தன் உடை நனையும் என்று நிற்பது எவ்வளவு இழிவோ, தொலைநாட்டில் பசியால் மாள்வோரைக் காக்கக்கூடிய பொருளை வேண்டாப் பொருட்களிற் செலவிடுவதும் அவ்வளவு இழிவே என 1972 இல் வெளிவந்த கட்டுரையில் அவர் வாதிட்டார். 2013 இல் எழுதிய மற்றொன்றில், அருங்காட்சியகத்துக்குப் புதிய பகுதி கட்டக் கொடுப்பதையும் கண்ணொளி இழப்பைத் தடுக்கக் கொடுப்பதையும் ஒப்பிட்டு, பின்னதே மேலானது என முடிவு கூறினார்.

இவ்வாதம் எளிதில் ஒதுக்கத்தக்கதன்று. கலை மனிதனை உயர்த்துகின்றது என்று பொதுவாகச் சொல்லி இதனைக் கடந்துவிட முயல்வோர் உளர். கண்ணிழந்தவன் முன் அவ்விடை மிக மெலிந்தது. ஆயின், சிங்கரின் ஒப்பீடு ஒன்றை விட்டுவிடுகின்றது. கொடை இல்லையெனின் இசைநாடகம் இல்லாமற் போய்விடுமோ என்பதன்று இங்குள்ள கேள்வி. கொடை இல்லையெனினும் இசைநாடகம் எழுதப்படும். எழுதுவோர் யாவர் என்பதே மாறும். இரண்டாண்டுக் கட்டணத்தைத் தந்தையர் செலுத்தக்கூடியவரும், அதன்பின் பத்தாண்டு வருவாயின்றி எழுதக்கூடியவருமே எஞ்சுவர். மேடையில் யாருடைய வாழ்வு பாடப்படும் என்பதனை அப்போது செல்வமே தீர்மானிக்கும். இது அழகியற் சிக்கல் மட்டுமன்று, நீதிச் சிக்கலுமாகும்.

மைக்கல் ஆர். ஜக்சன் என்பார் மேற்கூறிய நியூ யோர்க் கற்கைநெறியிற் பயின்றவர். பிரோட்வே அரங்கில் பார்வையாளரை இருக்கைக்கு அழைத்துச் செல்லும் வேலையிலும் இருந்தார். அத்தகைய வேலை பார்க்கும் ஒரு கறுப்பின இளைஞன் இசைநாடகம் எழுத முயல்வதையே பொருளாகக் கொண்ட 'எ ஸ்ரேஞ்ச் லூப்' என்னும் அவரது நாடகம் பல்லாண்டு திருத்தங்களின் பின் 2019 இல் மேடையேறி, 2020 இல் புலிட்சர் பரிசையும், பிரோட்வேயை அடைந்தபின் 2022 இல் சிறந்த இசைநாடகத்துக்கான டோனி விருதையும் பெற்றது. இடையில், 2017 இல், ஜொனதன் லார்சன் பெயரிலமைந்த உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது.

அந்த லார்சனின் வரலாறும் இவ்விடத்து நோக்கத்தக்கது. உணவுச்சாலையொன்றிற் பரிமாறுபவராக வேலை செய்துகொண்டே பல்லாண்டு எழுதியவர் அவர். அவரது 'ரென்ட்' நாடகத்தை ஒரு சிறு அரங்கில் செப்பஞ்செய்து பார்ப்பதற்கு 1994 இல் றிச்சர்ட் றொட்ஜர்ஸ் பரிசாக 45,000 டொலர் கிடைத்தது. 1996 தை மாதத்தில், முதல் முன்காட்சி நடைபெறவிருந்த நாளன்று விடியுமுன், தமது 35 ஆவது வயதில் லார்சன் இறந்தார். நாடகம் பிரோட்வேயில் 12 ஆண்டுகள், 5,123 தடவை மேடையேறியது. அவர் பெற்ற பரிசோ இசையமைப்பாளர் றொட்ஜர்ஸ் தாம் இறப்பதற்கு ஓராண்டு முன்னர், 1978 இல், புதிய இசைநாடகங்களுக்கென நிறுவியது. லார்சன் மறைந்தபின் அவர் குடும்பத்தாரும் நண்பர்களும் அவர் பெயரில் ஓர் அறநிதி அமைத்தனர். பின்னர் ஜக்சனுக்குக் கிடைத்த உதவித்தொகை அவ்வழி வந்ததே.

சந்தையின் பங்கும் இவ்வரலாற்றில் வெளிப்படுகின்றது. ஓர் எழுத்தாளர் பத்தாண்டு தேறிவரும்வரை சந்தை அவரைக் காணாது. தேறியபின் அறுவடைக்கு வந்துவிடும். விதைத்தவர் செலவு கணக்கில் வராது. இந்நோக்கில், நன்கொடையாளர் பலர் கொடுப்பது கொடையேயன்றிச் சந்தை கட்டத் தவறிய கடனின் ஒரு பகுதியுமாகும். இதற்கு மாறான நிகழ்ச்சி அரிதாகவே காணப்படுகின்றது. 1975 இல் ஜோசப் பாப்பின் பொது அரங்கில் உருவாகிய 'எ கோரஸ் லைன்' பிரோட்வேயில் 1990 வரை ஓடியது. அவ்வருவாய் அப்பொது அரங்கின் ஏனைய முயற்சிகளைப் பல்லாண்டு தாங்கியது. எனினும் அந்நாடகத்துக்குத் தம் வாழ்க்கைக் கதைகளை ஒலிநாடாவிற் சொல்லிக் கொடுத்த ஆட்டக் கலைஞர்கள் அவற்றின் உரிமையைத் தலைக்கு ஒரு டொலருக்கே எழுதிக் கொடுத்தனர் என்பதும் மறைக்கத்தக்கதன்று. வருவாயில் அவர்களுக்கு ஒரு சிறு பங்கு பின்னர் ஒதுக்கப்பட்டது.

கொடை வேண்டும் என்பது இவ்வளவில் தெளிவாகுமாயின், கொடுப்பவருக்கு அதனால் என்ன உரிமை பிறக்கின்றது என்பதே கடினமான வினா. இதற்குப் பண்டைய ஏதென்ஸ் நகரம் கண்ட விடை இன்றும் வியப்பளிப்பது. அங்கு நாடகத்தின் பாடற்குழுவைப் பயிற்றி உடுத்தி மேடைக்குக் கொணரும் செலவைச் செல்வக் குடிமகன் ஒருவன் ஏற்றல் வேண்டும். கொறேகோஸ் என அவன் அழைக்கப்பட்டான். கி.மு. 472 இல் எஸ்கிலஸின் 'பாரசீகர்' நாடகத்துக்கு அச்செலவை ஏற்றவன் இளைஞனாயிருந்த பெரிக்கிளிஸ். ஆனால் எந்தக் கவிஞனுக்கு மேடை கொடுப்பது என்பதனைத் தீர்மானித்தவன் செலவாளியல்லன். அரசின் அலுவலனாகிய ஆர்க்கொனே அதனைத் தீர்மானித்தான். பொருளுக்கும் தெரிவுக்கும் நடுவே நகரம் ஒரு சுவரை எழுப்பியிருந்தது. (தன்னைவிடச் செல்வன் ஒருவன் இருக்கத் தன்மேல் சுமை விழுந்ததெனக் கருதியவன், ஒன்றில் நீ இச்செலவை ஏற்றுக்கொள், அன்றேல் உன் சொத்தை எனதுக்கு மாற்று என வழக்காடவும் அங்கு இடமிருந்தது. இக்காலச் செல்வர் இவ்விதியை மீட்க விரும்புவரோ என்பது ஐயமே.) கொடுத்தவனுக்குப் புகழ் மறுக்கப்படவில்லை. கி.மு. 335-334 இல் வெற்றிபெற்ற லைசிக்கிராட்டிஸ் எழுப்பிய நினைவுச்சின்னம் இன்றும் ஏதென்ஸில் நிற்கின்றது. அதிற் பொறித்த எழுத்தில் அவன் பெயருடன் குழல் வாசித்தவன் பெயரும் குழுவைப் பயிற்றியவன் பெயரும் உள்ளன.

இக்காலக் கட்டடங்களிற் பொறிக்கப்படுவது பெரும்பாலும் கொடுத்தவர் பெயர் ஒன்றே. டிஷ் கலைக்கல்லூரி 1982 இல் அப்பெயரைப் பெற்றது லோரன்ஸ் டிஷ், பிறெஸ்ரன் றொபேட் டிஷ் என்னும் சகோதரர் வழங்கிய கொடையினால். அவர்களது லோஸ் நிறுவனம் 1968 முதல் லொரிலார்ட் என்னும் சிகரெட் நிறுவனத்தையும் உடைமையாகக் கொண்டிருந்தது. அச்செல்வத்தில் புகையிலை வருவாயும் கலந்திருந்தது என்பது வெளிப்படை. அடிமைப்படுத்தும் வலிநீக்கி மருந்தை விற்றுப் பொருளீட்டிய சாக்ளர் குடும்பத்தின் பெயரை நியூ யோர்க்கின் மெற்றோபொலிற்றன் அருங்காட்சியகம் 2021 இல் தன் காட்சிக்கூடங்களிலிருந்து நீக்கியபின், இவ்வகை வினாவைத் தவிர்த்தல் எந்நிறுவனத்துக்கும் அரிதாயிற்று. மாசற்ற பொருளை மட்டுமே ஏற்பது என்னும் விதி கேட்க இனிது. அவ்விதிப்படி எத்தனை கல்லூரிகளின் கதவு திறந்திருக்கும் என்பது வேறு. மூலத்தின் மாசு அளவு சார்ந்தது. எல்லையை எங்கு வரைவது என்பதில் அறிவுடையோர் மாறுபடலாம். பெறுபவரின் பேனாவுக்குள் கொடுப்பவர் நுழைவதோ அளவு சார்ந்ததன்று. புகையிலை வணிகரின் கொடையில் கற்ற ஒருவர் புகையிலை வணிகரை எள்ளி ஒரு பாடல் எழுதவும், அதற்காக அடுத்த ஆண்டு உதவித்தொகை குறையாதிருக்கவும் கூடுமாயின், அக்கொடை கல்வியைத் தாங்குகின்றது எனலாம். இல்லையெனின் அது விலையாகும்.

பெறுபவர் பக்கத்திலும் ஒன்று உண்டு. தன்னைக் காணாது அதியமான் நெடுமான் அஞ்சி அனுப்பிய பரிசிலை, தான் பரிசில் வணிகன் அல்லன் எனக் கூறிப் பெருஞ்சித்திரனார் மறுத்தமை புறநானூற்றால் அறியப்படும். புலமையை அளந்தறிந்து தரும் தினையளவு பொருளும் போதும் என்பது அவர் நிலை. வறுமையை நன்கறிந்த புலவர் ஒருவர் பொருளிலும் மேலாக மதிப்பீட்டை வேண்டினார். அவர் காலத்தில் மதிப்பிடுபவனும் கொடுப்பவனும் ஒருவனே. இன்று அவ்விரண்டும் பிரிந்துள்ளன. பொருள் ஒருவரிடமிருந்தும் மதிப்பீடு ஆசிரியர் குழுவிடமிருந்தும் வருகின்றன. பெருஞ்சித்திரனாரின் மானத்துக்கு இடந்தருவது இப்பிரிவே எனலாம். மாணவர் யாரையும் புகழ்ந்து பாடாமலே உதவி பெறுகின்றார். கல்லூரி நடத்தும் நன்றி விருந்துகளில் மாணவரைப் பாடவைத்துக் கொடையாளரை மகிழ்விக்கும் வழக்கம் பெருகின், இப்பிரிவு மெல்லக் கரையும்.

எஞ்சுவது கடன். அதனைக் கொடுத்தவருக்கே திருப்பிச் செலுத்த வேண்டும் என்பது மோஸ் கண்ட சமுதாயங்களின் நெறி. இசைநாடக உலகில் வேறொரு வழக்கம் வேரூன்றியுள்ளது. இளஞ்சிறுவனான ஸ்ரீபன் சொன்டைமுக்கு ஒஸ்கார் ஹமர்ஸ்ரைன் எழுத்துக் கலையை ஊதியமின்றிக் கற்பித்தார். முதிர்ந்த சொன்டைம் லார்சனுக்கு வழிகாட்டினார். 'எ கோரஸ் லைன்' நாடகத்தின் பாடலாசிரியர் எட்வேட் கிளெபன் பயின்றது லீமன் ஏஞ்சல் 1961 இல் தொடங்கிய, கட்டணம் அறவிடாத பயிற்சிக் கூடத்தில். பின் அங்கேயே பல்லாண்டு கற்பித்தார். 1987 இல் இறந்தபோது, அந்நாடகத்தால் ஈட்டிய செல்வத்தை அறநிதியாக்கும்படி உயிலில் எழுதியிருந்தார். வளரும் பாடலாசிரியருக்கும் உரையாடலாசிரியருக்கும் தலா ஓர் இலட்சம் டொலர் பரிசு அந்நிதியிலிருந்தே வழங்கப்பட்டு வந்துள்ளது. பெறுவோரைத் தெரிவது நடுவர் குழு.

கிளெபன் தம்மை இசையமைப்பாளராகவே உலகம் அறிய வேண்டும் என ஏங்கியவர். 'எ கோரஸ் லைன்' நாடகத்துக்கு இசை வேறொருவருடையது. கிளெபன் இசையமைத்த பாடல்களுட் பெரும்பாலானவை அவர் வாழ்நாளில் மேடையேறவில்லை. அவர் பெயரிலுள்ள பரிசு இசையமைப்புக்கு வழங்கப்படுவதில்லை.