அடைத்தல் காத்தலாகுமோ

நாஞ்சில் நாட்டின் தென்கோடியிற் கடலையொட்டி நிற்பது வட்டக்கோட்டை. பெயர் வட்டமாயினும் அதன் வடிவு நாற்கோணமே. 1741-ஆம் ஆண்டுக் குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின்னர்த் திருவிதாங்கூர்ப் படைத்தலைவனாகிய டிலனாய் அதனைக் கருங்கல்லால் வலியுறுத்தினான். காவலுக்கு எடுத்த மதில் சிறைக்கும் உதவும். இரண்டினுள் எது நிகழ்கின்றதென்பது உள்ளே இருப்பாரை நடத்தும் முறையால் அறியப்படும். ஆதரவற்ற விலங்குகளுக்கென இந்நாளில் எழும் காப்பகங்களைப் பற்றியும் இவ்வினாவே எழுகின்றது.

2025 ஆகஸ்டு 11-இல் உச்சநீதிமன்றம் தில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு பணித்தது. அம்மாதம் 22-ஆம் நாள் அவ்வாணை திருத்தப்பெற்றது. வெறிநோயுற்றனவும் கடிக்கும் இயல்பினவும் ஒழிய ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடுக என்றனர். வெறிநோயின் குறி தோன்றியபின் பிழைத்தல் மிக அரிது. ஆதலின் பிள்ளையைப் பெற்றார் கொள்ளும் அச்சம் இகழத்தக்கதன்று. ஆயினும் அவ்வச்சத்தைத் தீர்ப்பது தடுப்பூசியேயன்றிக் கொலையன்று. சென்னை மாநகராட்சி பல்லாண்டுகள் நாய்களைக் கொன்று வந்தது. 1964 முதற்கொண்டு கருத்தடையே வழியெனப் புளூகிராஸ் சங்கத்தார் வற்புறுத்தி வர, 1996-இற்றான் மாற்றம் வந்தது.

ஈண்டுச் சிலர், “விலங்குடல் எடுத்த உயிர் தன் வினைப்பயனை நுகர்கின்றது, இடைபுகுந்து தடுப்பது நம் வேலையோ?” என வினவுவர். சித்தாந்தம் கற்றாரும் இவ்வாறு கூறுதல் வியப்பே. வினைப்பயனை அறிந்து ஊட்டுவோன் இறைவன். கோலெடுத்தவனுக்கும் பட்டினி போடுபவனுக்கும் அவ்வதிகாரம் வழங்கப்படவில்லை; அவர் செய்வது அவர்க்கே ஆகாமியமாய் ஏறும். துன்பம் ஊட்டப்படுவதாயின், அதனைத் தணிக்கும் கையும் அத்திருவருளின் வழிப்பட்டதாகாதோ? தாயிழந்த பன்றிக்குட்டிகளுக்குப் பாலூட்டிய பெருமான் அவற்றின் பழவினையை உசாவிக்கொண்டிருந்ததாகத் திருவிளையாடல் கூறவில்லை.

சேய்ஞலூரில் நிகழ்ந்ததை நினைக. தன்னை முட்ட வந்த ஈன்றணிய பசுவை ஆயன் கோலாற் புடைத்தான். அது கண்ட விசாரசருமர் மேய்க்கும் தொழிலைத் தாமே ஏற்றார். ஊர்ப்பசுக்கள் அவையே, மேய்நிலமும் அதுவே. நல்ல புல்லுள்ள இடமறிந்து மேய்த்து, நீரூட்டி, நிழலில் நிறுத்தினார். பசுக்கள் முன்னினும் மிகுதியாகப் பால் பொழிந்தன. மாறியது மேய்ப்பவர் ஒருவரே. பிற்காலத்தார் சண்டேசுரரின் மழுவைப் பேசும் அளவுக்கு அவர்தம் மேய்ப்பைப் பேசுவதில்லை.

காப்பகங்களின் குறையும் பெரும்பாலும் இங்கேதான் உள்ளது. இடம் ஐம்பதுக்கு இருக்க இருநூற்றை ஏற்பது இரக்கம்போலத் தோன்றும். புதிதாய் வந்ததைச் சில நாள் தனியே வைக்க இடமின்றேல், பார்வோ, டிஸ்டெம்பர் முதலிய தொற்றுநோய்கள் ஒன்றினின்று மற்றவற்றிற்குப் பரவும். தெருவிற் பிழைத்திருக்கக்கூடிய குட்டிகள் மதிலுக்குள் மடியும். கொல்லாமை பேசிக்கொண்டே அவற்றை ஈரத்தரையிற் புழுக்க விடுவார், தம் கையிற் குருதி படியவில்லை என்று மட்டும் ஆறுதல் கொள்ளலாம். வந்தவை, நலம்பெற்று வெளியேறியவை, இறந்தவை ஆகிய மூன்றன் தொகையையும் திங்கள்தோறும் வாயிலில் எழுதி வைக்குமாறு ஊரார் கேட்பதில் தவறில்லை.

ஆங்கில ஆட்சியார் 1871-இற் சட்டமியற்றி நடத்திய கொண்டித்தொழு, பயிரை மேய்ந்த மாட்டை அடைத்து, உரியவனிடம் தண்டம் பெற ஏற்பட்டது. அதில் இரக்கம் எதிர்பார்ப்பாரில்லை. கோயிற் பசுமடமோ சிவபுண்ணியத்தின் பெயரால் நிற்பது. நேர்ந்துவிடும் கன்றுகளை அளவின்றி ஏற்று, கோடையில் வைக்கோலுக்கு வழியின்றி எலும்பு தோன்ற நிறுத்துதல் எப்புண்ணியத்தின்பாற்படும்? கன்றை விடும் அடியார் அதன் ஓராண்டுத் தீவனத்திற்கும் பொருள் வைத்தல் வேண்டும் என விதித்து, தொழுவம் நிறைந்தபின் வரும் கன்றை ஏலாது மறுக்கும் துணிவு மடத்தார்க்கு வேண்டும். அம்மறுப்பால் அடியார் சிலர் வருந்துவராயினும் வருந்துக.