மாத்திரையும் திருநீறும்

வட்டவடையின் கோவிலூரில் ஆஷா பணியாளராக வீடு வீடாகப் போகிறேன். மனநோய் மாத்திரையை நிறுத்திவிட்ட வீட்டில் நான் முதலில் கேட்பது, "எந்தச் சாமிக்கு நேர்ந்திருக்கீங்கக்கா?" என்றுதான். மாத்திரையைப் பற்றித் தொடங்கினால் பேச்சு வாசலிலேயே முடிந்துவிடும். மனநல மருத்துவரைப் பார்க்க இங்கிருந்து மலையிறங்க வேண்டும். சாமி பக்கத்திலேயே இருக்கிறது.

2000ஆம் ஆண்டில் வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசாமி கோயிலில் தங்கியிருந்த 31 பேரை மனநல மருத்துவர்கள் கவனித்தார்கள். பெரும்பாலோருக்கு மனச்சிதைவு. அங்கே நடந்தது சிறு பூசை, பிறகு கோயிலைப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது. நோய்க்குறிகளின் அளவு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தது. ஒப்பிட வேறு குழு இல்லாததால் இதைச் சாமியின் கணக்கிலோ ஓய்வின் கணக்கிலோ எழுத முடியாது. ஆனால் அந்தச் செடிகளை நான் அடிக்கடி நினைக்கிறேன். பைத்தியம் என்று ஒதுக்கப்பட்டவரை நம்பி ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டது. அது எனக்கு ஆன்மிகம்தான்.

ஏர்வாடியையும் மறக்க மாட்டேன். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி, அங்குள்ள தர்காவின் மீதான நம்பிக்கையை ஒட்டி நடத்தப்பட்ட காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் இறந்தார்கள். சங்கிலி போடும் பக்திக்கு என்னிடம் மரியாதை இல்லை.

பூசையை நிறுத்து என்று யாரிடமும் சொல்வதில்லை. "திருநீறு பூசின கையோட மாத்திரையும் கொடுங்க" என்கிறேன். பூசாரி அண்ணனிடமும் சொல்லிவைத்திருக்கிறேன்: தூக்கமில்லாமல் யாராவது வந்தாலோ, சாகப்போகிறேன் என்று பேசினாலோ உடனே எனக்கு ஃபோன் அடிக்க வேண்டும்.