கிணறு கொடுத்த தருமம்



“சர்க்கரை வியாதி, வாயைக் கட்டாதவனுக்கு வருவது” என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. தங்கலில் பணிவிடை முடிந்து நாலு பேர் கூடி உட்கார்ந்தால் அங்கும் இந்தப் பேச்சு வரும். நோய் வந்தவனே குற்றவாளி என்ற தீர்ப்பு அதற்குள் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு தருமத்துக்கு உகந்ததா என்று அன்புக்கொடி மக்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் இதைப் பணக்கார வியாதி என்பார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடெங்கும் நடந்த பெரிய ஆய்வில் 2017-ல் வெளிவந்த பகுதி வேறு கணக்கைச் சொல்லுகிறது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், சண்டிகர் ஆகியவற்றின் நகர்ப்புறங்களில் வசதியுள்ளவரைவிட வசதி குறைந்தவரிடமே நீரிழிவு அதிகம். அதே ஆய்வு 2023-ல் சொன்னபடி நாட்டில் நீரிழிவு உள்ளவர் 10.1 கோடிப் பேர்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலியாக இரவு ஷிப்ட் பார்ப்பவரை நினைத்துப் பார்க்கலாம். தென் மாவட்டத்திலிருந்து வந்து ஆவடியிலோ பூந்தமல்லியிலோ மளிகைக் கடையில் நிற்கும் பிள்ளையையும் நினைக்கலாம். விடியுமுன் கதவைத் திறந்தால் இரவு பதினொன்றுக்குத்தான் பூட்டு. சோறு கிடைக்கிற நேரமே சாப்பாட்டு நேரம். 2011 ஜூன் முதல் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. பசித்த வயிற்றுக்கு அது பெரிய தருமம்தான். ஆனால் காய்க்கும் பயறுக்கும் காசு வேண்டுமே. தட்டில் சோறு குவிந்து, கறி ஓரத்தில் கிடப்பதற்கு நாக்கு மட்டுமா காரணம்?

“தினம் அரை மணி நேரம் நட” என்று வைத்தியர் சொல்லுவது சரியான சொல். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் 531 பேரை வைத்துச் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களிடம் நீரிழிவு வருவது 28.5 சதவீதம் குறைந்தது. ஆகவே இது தடுக்கக் கூடிய நோய். ஆனால் லாரியும் பஸ்ஸும் ஓயாத திருவள்ளூர் நெடுஞ்சாலை ஓரத்தில் குடியிருப்பவர், பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்த காலோடு எங்கே நடப்பார், எப்போது நடப்பார்?

சுவாமிதோப்பில் அய்யா வைகுண்டர் செய்ததை இங்கே நினைக்க வேண்டும். பொதுக் கிணற்றில் நீர் எடுக்கவும் விடாமல் ஒதுக்கப்பட்ட மக்களிடம் சுத்தமாயிருங்கள் என்று புத்தி மட்டும் சொல்லி அவர் அனுப்பவில்லை. எல்லாச் சாதியாரும் சேர்ந்து புழங்க முத்திரிக் கிணற்றையே கொடுத்தார். கிணறு கொடுக்காமல் குளித்து வா என்பது எப்படியோ, அப்படித்தான் வழி காட்டாமல் வாயைக் கட்டு என்பதும்.

அரசு மருத்துவமனையில் மாத்திரை இலவசம். அதை வாங்கப் போகிற நாளின் கூலியோ போய்விடுகிறது. தனியாரிடம் போனால், நகரத்து ஏழை தன் வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைச் சர்க்கரைக்கே செலவிடுகிறார் என்று 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. 2021 ஆகஸ்டு 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இந்த இடைவெளியைக் கண்டுகொண்ட திட்டம். மகளிர் தன்னார்வலர் வீட்டுக்கே வந்து சோதித்து மாத்திரை தருகிறார். இருந்தும் அவர் வரும் பகலில் வேலைக்குப் போனவர் வீட்டில் இருப்பதில்லை. அம்பத்தூர் 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்தது, ஆவடி 2019-ல் தனி மாநகராட்சியானது, பூந்தமல்லி நகராட்சி. வாடகை வீடு மாறி எல்லை தாண்டினவர் பெயர் பழைய இடத்துப் பட்டியலிலேயே நின்றுவிடக் கூடும். அப்படிப்பட்டவரை அறிந்தவர் பக்கத்து வீட்டுக்காரரும் தங்கலுக்குக் கூட வருபவரும்தான்.

இன்னொன்றும் மறைக்காமல் பேச வேண்டியிருக்கிறது. நாமமும் பதமும் பெற்று நோய் தீர்ந்ததாகச் சொல்லுபவர் எல்லாத் தங்கலிலும் உண்டு. அந்த நம்பிக்கைக்குக் குறுக்கே யாரும் நிற்க வேண்டாம். ஆனால் அதைக் காரணம் காட்டி மாத்திரையையோ இன்சுலினையோ நிறுத்துவது பெரும் ஆபத்து. இந்த நோய் வலி காட்டாமலே கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பாதத்து நரம்பு மரத்தவருக்கு, தங்கல் முற்றத்து வெயிலில் வெறுங்கால் சுட்டுக் கொப்பளித்தாலும் தெரியாது. அவருக்கு நிழலில் ஒரு பாய் விரித்துக் கொடுப்பதும் பணிவிடைதான்.

அன்னதர்மப் பந்தியில் ஒருவர் “சோறு கொஞ்சம் போதும், கூட்டு வையுங்கள்” என்று கேட்டால், அய்யாவின் அன்னத்தை வேண்டாம் என்கிறாரே என்று முகம் சுளிக்கக் கூடாது. கேட்டபடி வைக்கலாம். கடைப் பிள்ளைகளுக்கும் ஷிப்ட்காரருக்கும் கொஞ்சமாவது ஓய்வு வாய்ப்பது ஞாயிறுதான். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தாரிடம் முன்கூட்டியே கேட்டு, தமிழ் மாத முதல் ஞாயிறு தங்கலில் சர்க்கரைச் சோதனை வைக்க முடியுமா என்று பார்க்கலாம். வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டியிருப்பதால் உச்சிப்படிப்பு வரை காக்க வைக்காமல் காலையிலேயே வைப்பது நல்லது. இரத்தம் கொடுத்தவர்களுக்கு முதலில் கஞ்சி ஊற்றிவிடலாம்.