ஒப்புமை பூஜ்யம்

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைப்படி, ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு 10 சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. ஆனால் இணையத்தில் காசு கொடுத்துப் புதிதாக எழுதி வாங்கிய ஏட்டில் ஒப்புமை தேடும் மென்பொருளுக்குப் பெரும்பாலும் எதுவும் அகப்படாது. நகலைப் பிடிக்கலாம், ஆள்மாறாட்டத்தை எப்படிப் பிடிப்பது? ஆஸ்திரேலியா 2020இல் விற்பவருக்கே 2 ஆண்டு வரை சிறை என்று சட்டம் செய்தது. கை வைக்க வேண்டிய இடம் அதுதான். நூலகரிடமும் நண்பரிடமும் கேட்பதும் உதவிதானே என்பார்கள். உதவிதான், தாராளமாகக் கேட்கட்டும். அந்த உதவியை நன்றியுரையில் வெளிப்படையாகச் சொல்ல முடிகிறதா என்பதே என் அளவுகோல். முழு ஏட்டையும் எழுதிக் கொடுத்தவருக்கு அங்கே யாரும் நன்றி சொல்வதில்லை. வழிகாட்டி அரை மணி நேரம் நேரில் கேள்வி கேட்டாலே பாதி அம்பலமாகிவிடும். அதற்கு அவர் தலையில் கட்டும் மாணவர் எண்ணிக்கை முதலில் குறைய வேண்டும்.