டாக்டரா என்று கேட்டால் தலை குனியாதே!

பொதுச் சுகாதாரத்தில் முதுகலை முடித்திருக்கிறேன் என்று உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் சொல்லிப் பார். "அப்படின்னா டாக்டரா?" என்பார்கள். இல்லை என்றதும், "அப்போ நர்ஸா?" என்பார்கள். அதுவும் இல்லை என்றால் பேச்சு பந்தியில் போட்ட பாயசத்துக்குத் தாவிவிடும். இந்த ஒரு நொடியில்தான் நம் பிள்ளைகள் பலர் கூனிக் குறுகிப் போகிறார்கள். படித்த படிப்பையே மறைத்து, கிடைத்த அலுவலகத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். நிமிர்ந்து நில், தம்பி! நிமிர்ந்து நில், தங்கச்சி!

ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் என்ற பெயரை நெஞ்சில் எழுதிக்கொள். டாக்டராக வேண்டும் என்று ஆசைப்பட்ட ஆங்கிலேயர். முதல் உலகப் போருக்குப் போன இடத்தில் காசநோய் தொற்றிக்கொண்டது. மருத்துவக் கல்லூரிக் கனவு கருகியது. அஞ்சல் வழியில் பொருளாதாரம் படித்தார். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு மருத்துவ உலகத்துக்குள் நுழைந்தார்.

அதே காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் வந்தபோது, அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க வேண்டியிருந்தது. யாருக்கு மருந்து, யாருக்கு வெறும் ஓய்வு என்பதை டாக்டரின் விருப்பத்துக்கு விடாமல், குலுக்கிப் போட்டுப் பிரிக்கும் ஏற்பாட்டை வகுத்தவர் அவர்தான். 1948-ல் முடிவு வெளிவந்தது. புது மருந்துகளைச் சோதிக்க இன்று உலகம் நம்புவது அந்த முறையைத்தான். 1950-ல் ரிச்சர்டு டால் என்ற டாக்டரோடு சேர்ந்து லண்டன் மருத்துவமனை நோயாளிகளிடம் புகைப்பழக்கத்தைக் கேட்டுக் கணக்கெடுத்தார். சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள உறவு வெட்டவெளிச்சமானது. ஸ்டெதாஸ்கோப் பிடிக்காத கை அது!

சீமைக் கதை வேண்டாம் என்கிறாயா? இங்கேயே வா. 2022-ல் தமிழ்நாடு அரசு, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தோடு கைகோத்து 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் தொடக்க வாரங்களிலேயே நேர்ந்துவிடுகிறது. அப்படியானால் ஆபத்தில் இருப்பவரை முதல் நாளே கண்டுபிடிக்க வேண்டும். எப்படி? உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா, காலில் வீக்கமா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, விரல் நுனிக் கருவியில் ஆக்சிஜன் எவ்வளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? இவ்வளவுதான். ஆய்வகமே தேவையில்லை. இதில் தேறாத நோயாளியை உடனே வார்டில் சேர்க்க வழி செய். மரணக் கணக்கை உட்கார்ந்து படிக்கத் தெரிந்த மூளைகள் இல்லாமல் இந்த ஐந்து கேள்விகள் பிறந்திருக்குமா? அந்தக் கணக்கைப் படிக்கத்தானே உனக்கு இரண்டு வருடம் சொல்லிக் கொடுத்தார்கள்?

வேலை எங்கே என்கிறாய். தேசிய சுகாதார இயக்கத்தின் திட்டங்கள், உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப், ஆய்வு நிறுவனங்கள், மருந்துச் சோதனை நடத்தும் கம்பெனிகள், காப்பீடு, தொழிற்சாலைகளின் தொழிலாளர் நலப் பிரிவு. கதவு நிறைய. ஒன்றையும் மறைக்க மாட்டேன்: மாவட்ட அளவிலான சுகாதார அலுவலர் பணிகளுக்கு இன்னும் எம்.பி.பி.எஸ். கேட்கிறார்கள். மற்ற பலவும் ஒப்பந்த வேலை. திட்டம் முடிந்தால் சம்பளமும் முடியும். இது அநியாயம்தான். அதற்காகப் போராடு. போராடிக்கொண்டே உன் கையைப் பலப்படுத்து. 'ஆர்' (R) என்ற புள்ளியியல் மென்பொருள் காசில்லாமல் கிடைக்கிறது, கற்றுக்கொள். ஆய்வறிக்கையை ஊராட்சித் தலைவருக்கும் புரியும் தமிழில் எழுதப் பழகு. ஆங்கிலத்தில் மட்டும் அறிக்கை எழுதுபவனை மக்களுக்கு எப்படித் தெரியும்?

பணி நியமன ஆணை வரும்வரை காத்திருக்காதே. இந்த ஞாயிற்றுக்கிழமையே உன் தெருவில் இறங்கு. நூறு வீடுகளில் அனுமதி கேட்டு உள்ளே போ. பிரிட்ஜின் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தட்டு, மொட்டை மாடி டயர், மூடாத சிமெண்ட் தொட்டி என்று ஒவ்வொன்றாக டார்ச் அடித்துப் பார். எத்தனை வீட்டில் கொசுப்புழு நெளிகிறது என்று எண்ணு. டெங்கு தடுப்பில் உலகமே பயன்படுத்தும் அளவுகோல் அது. ஒரே பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியை வார்டு சுகாதார ஆய்வாளரிடம் கொடு. இன்னொரு பிரதியை அடுத்த நேர்காணலுக்கு எடுத்துப் போ. "அனுபவம் உண்டா?" என்று கேட்கிறார்களா? அந்தத் தாளை மேசையில் வை. வைத்துவிட்டுப் பேசு!