ஆற்றங்கரைக் கல்லும் ஏரவாடா ஆசிரியரும்

புனேயிலுள்ள ஏரவாடா என்றதும் பலருக்கும் நினைவுக்கு வருவது காந்தியடிகள் அடைபட்டிருந்த சிறை. 1932இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தான இடம். அதே ஏரவாடாவில், 1868 முதல் ஒரு பழைய கல் கட்டடத்தில் டெக்கான் கல்லூரி இருக்கிறது. திலகர் படித்த கல்லூரி. 1934இல் மூடப்பட்டு, 1939 ஆகஸ்டில் முதுகலை ஆராய்ச்சி நிறுவனமாக மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஆண்டு ஆசிரியராகச் சேர்ந்தவர்களில் ஒருவர் ஹஸ்முக் தீரஜ்லால் சங்காலியா. அப்போது அவருக்கு வயது முப்பது.

ஆராய்ச்சியில் ஆர்வம் வேண்டும் என்று மாணவர்களிடம் எல்லோரும் சொல்கிறோம். அந்த ஆர்வம் ஒரு மனிதரிடம் எப்படி வேலை செய்யும் என்று காட்ட, எனக்குத் தெரிந்து இவரைவிடப் பொருத்தமானவர் குறைவு. சங்காலியா தொடங்கியது ஏடுகளிலிருந்துதான். பம்பாயில், சிந்துவெளி எழுத்தில் திராவிட மொழியைத் தேடிய பாதிரியார் ஹீராஸிடம் படித்தார். நாளந்தாப் பல்கலைக்கழகம் பற்றி எழுதினார். அந்த நூல் 1934இல் நம் சென்னையில்தான் அச்சாயிற்று. பிறகு லண்டனில் குஜராத்தின் தொல்லியலுக்காக முனைவர் பட்டம். சமஸ்கிருதம், கல்வெட்டு, கோயில், சிற்பம் என்று அதிலேயே நல்ல பெயரோடு காலம் தள்ளியிருக்கலாம்.

ஆனால் அவர் கேட்கத் தொடங்கிய கேள்விக்கு ஏட்டில் விடை இல்லை. எழுத்து தோன்றுவதற்கு முன் இந்த மண்ணில் வாழ்ந்தவர்கள் யார், என்ன தின்றார்கள், எப்படிச் செத்தார்கள்? அதற்கு ஆற்றங்கரைகளுக்குப் போக வேண்டும். 1941இல் குஜராத்தின் சபர்மதிக் கரைகளில் கற்கருவிகளைத் தேடிப் போனார். அந்தத் தேடல்தான் லங்நாஜ் என்ற ஊருக்கு அவரைக் கொண்டு சேர்த்தது. அங்கே மணல்மேட்டுக்குள் விரல் நகம் அளவே உள்ள நுண்கற்கருவிகள், கைகால் மடக்கிக் கிடத்திய மனித எலும்புக்கூடுகள், கூடவே ஒரு காண்டாமிருகத்தின் தோள்பட்டை எலும்பு. இன்று வறண்டு கிடக்கும் நிலத்தில் காண்டாமிருகம் இருந்திருக்கிறது என்றால், அன்று அங்கே நீரும் புல்லும் நிறைய இருந்திருக்க வேண்டும். எலும்புக்கூடுகளை ஆராயத் தன்னோடு டெக்கான் கல்லூரியில் பணியாற்றிய மானிடவியலாளர் இராவதி கார்வேயைச் சேர்த்துக்கொண்டார். தனக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்கும் இந்தப் பழக்கத்தை ஆராய்ச்சி மாணவர்கள் முதல் ஆண்டிலேயே கைக்கொள்ள வேண்டும் என்பேன்.

மகாராஷ்டிரத்து நெவாசாவில் அவர் நடத்திய அகழாய்வை இன்னும் விரிவாகச் சொல்ல வேண்டும். பிரவரா ஆற்றங்கரையிலுள்ள அந்த ஊர், ஞானேஸ்வரர் 1290இல் கீதைக்கு உரையாக ஞானேஸ்வரியை இயற்றிய இடம் என்று மராட்டியர் போற்றுவது. 1954 முதல் 1956 வரை அங்கே அகழாய்வு நடந்தது. மேலே இடைக்காலம், அதற்குக் கீழே சாதவாகனர் காலம், அதற்கும் கீழே மூவாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய செம்புக்கால வீடுகள். குழந்தைகளைத் தாழியில் இட்டு வீட்டுத் தரைக்கு அடியிலேயே புதைத்திருந்தார்கள். அப்படிப் புதைத்த ஒரு குழந்தையின் கழுத்தில் செம்பு மணிமாலை. மணிகளைக் கோத்த நூலின் துணுக்கும் கெடாமல் இருந்தது. செம்பு களிம்பேறும்போது உண்டாகும் உப்பு கிருமிகளை அண்ட விடாது. அதனால் மணியை ஒட்டியிருந்த இழை மட்டும் மட்காமல் தப்பியது. அந்தத் துணுக்கைச் சோதித்தபோது பருத்தியும் பட்டும் அதில் தெரிந்தன. மணிகளைக் கழுவித் துடைத்துப் பெட்டியில் போட்டிருந்தால், தக்காணத்து நெசவின் அந்தப் பழைய சான்று தண்ணீரோடு போயிருக்கும். ஆற்றோரச் சரளைப் படிவிலோ அதற்கும் மிகப் பழைய கருவிகள்: கைக்கோடரிகளைவிடச் சிறிய, சில்லுகளைச் சீராக்கிச் செய்த சுரண்டிகள். இந்தியாவில் இடைப் பழங்கற்காலம் என்ற கட்டத்தை அடையாளம் காண இவை வழிகாட்டின.

அகழாய்வு அறிக்கை 1960இல் நூலாக வந்தது. இதைத் தனியாகச் சொல்லக் காரணம் உண்டு. தோண்டியது தோண்டியபடி, அறிக்கை எழுதாமல் பல பத்தாண்டுகள் கிடந்த இடங்கள் நம் நாட்டில் ஏராளம். ஒரு குழியை ஒருமுறைதான் தோண்ட முடியும். தோண்டியவர் எழுதாவிட்டால், அந்த மண்ணடுக்கைப் படிக்க இன்னொருவருக்கு வழியே கிடையாது. பாதியில் நிற்கும் ஆய்வேட்டைக் கையில் வைத்திருக்கும் மாணவர்கள் சங்காலியாவின் நூற்பட்டியலை ஒருமுறை பார்க்கட்டும்.

மாணவர்களை அவர் வளர்த்த விதமும் அப்படியே. ஆளுக்கொரு வட்டாரம், பெரும்பாலும் ஓர் ஆற்றுப் படுகை. சுப்பாராவ் பெல்லாரிக்கு, ஆர்.வி. ஜோஷி மலப்பிரபைக்கு, மொகபத்ரா ஒடிசாவுக்கு, வி.என். மிஸ்ரா ராஜஸ்தானத்துப் பேராச் ஆற்றுக்கு. கரை நெடுக நடந்து, படிவங்களைப் பார்த்து, கிடைத்ததை வரைந்து, தாமே எழுத வேண்டும். நூலகத்தில் உட்கார்ந்து தலைப்புத் தேடும் பேச்சே இல்லை. தலைப்புக் கிடைக்கவில்லை என்று வருந்தும் மாணவருக்கு இந்த முறையையே நான் சொல்வேன்: ஒரு நிலப்பரப்பை உன்னுடையதாக எடுத்துக்கொள், கேள்விகள் அங்கே கிடக்கும்.

அந்த முறையின் பலன் தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1863இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் பல்லாவரத்தில் கைக்கோடரியைக் கண்டார். அதே ஆண்டில் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகள் கிடைத்தன. ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழித்து, டெக்கான் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்காக வடதமிழ்நாட்டின் பழங்கற்காலத்தை மறு ஆய்வு செய்தார் சாந்தி பப்பு. 1999இல் அத்திரம்பாக்கத்தில் அவரது குழு அகழாய்வைத் தொடங்கியது. பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2011இல், அங்குள்ள மிகப் பழைய கருவிகளின் வயது ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டு என்று அறிவித்தார்கள். புதைந்த கல்லில் விண்கதிர்கள் விட்டுப்போன கதிரியக்கத் தனிமங்கள் எவ்வளவு சிதைந்திருக்கின்றன என்று அளந்து கண்ட வயது அது. மேலும் ஏழு ஆண்டு கழித்து, 2018இல் இன்னொரு முடிவு: இடைப் பழங்கற்காலத் தொழில்நுட்பம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது. நெவாசாச் சரளையில் தெரிந்த அதே கட்டம், நினைத்ததைவிட மிக முந்தியது என்று அத்திரம்பாக்கம் இருக்கும் கொசஸ்தலை ஆற்றுப் படுகையில் தெரிய வந்தது. குழிக்கும் முடிவுக்கும் இடையிலான அந்த ஆண்டுகளில் நடந்ததெல்லாம் ஒவ்வொரு கல்லையும் எண்ணி, அளந்து, வரைந்து, மண் மாதிரிகளை ஆய்வகங்களுக்கு அனுப்பும் வேலைதான்.